வரிப்பொறை, தாங்குபங்கு: இறக்குமதி வரியைக் கட்டுவது யார், சுமப்பது யார்?

வணக்கம் கலைச்சொல் நண்பர்களே,

2025 நவம்பர் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், அதிபர் டிரம்ப் போட்ட இறக்குமதி வரி செல்லுமா என்ற வழக்கின் வாதம் நடந்தது. அது பற்றித் தமிழில் வந்த செய்திகளை உட்கார்ந்து படித்தேன். ஒரு பத்தியில் "இந்தியா 50 சதவீத வரி கட்ட வேண்டும்" என்றார்கள். இரண்டு பத்தி தள்ளி, வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தால் அமெரிக்க இறக்குமதியாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்றார்கள். இந்தியா கட்டிய பணத்தை அமெரிக்க வியாபாரிக்கு எதற்குத் திருப்பித் தர வேண்டும்? படிப்பவர் கேட்டால் அந்தச் செய்தியில் பதில் இல்லை.

நடப்பது இதுதான். திருப்பூர்ச் சட்டை நியூயார்க் துறைமுகத்தில் இறங்கும்போது அமெரிக்கச் சுங்கத்துக்குப் பணம் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். இந்திய அரசு ஒரு பைசா கட்டுவதில்லை. ஆனால் கட்டியவர் அந்தச் சுமையை அப்படியே வைத்துக்கொள்வார் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. விலையை ஏற்றி அமெரிக்க நுகர்வோர் தலையில் கட்டலாம், விலையைக் குறை என்று இங்கே உள்ளவர் கழுத்தில் கை வைக்கலாம், தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சட்டப்படி கட்டுவது ஒருவர், பொருளாதாரக் கணக்கில் சுமப்பது மூன்று நான்கு பேர். இரண்டுக்கும் நாம் "வரி கட்டுவது" என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீதிமன்றத்திலும் விவாதம் இதைச் சுற்றித்தான். 1977-ஆம் ஆண்டின் சர்வதேச அவசரப் பொருளாதார அதிகாரச் சட்டம் இறக்குமதியை "ஒழுங்குபடுத்த" அதிபருக்கு அதிகாரம் தருகிறது. வரி, தீர்வை என்ற சொல் அந்தச் சட்டத்தில் கிடையாது. ஒழுங்குபடுத்துவதற்குள் வரியும் அடக்கம், இது வருவாய்க்காகப் போட்டதல்ல, பணம் வருவது கூடவே நிகழும் ஒன்று என்பது அரசு வழக்கறிஞர் சாவரின் வாதம். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதற்குச் சொன்னதன் சாரம்: இதன் வழி அமெரிக்கர்கள் மீது வரி போடப்படுகிறது, அது என்றைக்கும் நாடாளுமன்றத்தின் அடிப்படை அதிகாரம். வெளிநாட்டின் மீது போட்ட வரி என்று டிரம்ப் மேடையில் பேசுவதும் அமெரிக்கர்கள் மீது போட்ட வரி என்று நீதிபதி சொல்வதும் எப்படி மோதுகின்றன என்று தமிழில் எழுத எனக்கு இரண்டு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் "இன்சிடென்ஸ்" (சுமை கடைசியில் யார் மீது விழுகிறது), "பாஸ்-த்ரூ" (அதில் எவ்வளவு விலை வழியாக அடுத்தவருக்குப் போகிறது) என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் முதல் யோசனை: கட்டுபவர் "வரிகட்டுநர்", சுமப்பவர் "வரிதாங்கி". சுமைதாங்கி நம் ஊர்ச் சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கருத்து சொல்லுங்கள்.

செ., சென்னை

———

செ. சார், வணக்கம்ங்க.

நான் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது பையரிடம் (வெளிநாட்டு வாங்குநரிடம்) பேசி ஆர்டரைக் கவனிக்கிற ஆள். 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25 என்று ஏறியதிலிருந்து எங்கள் அலுவலகத்தில் தினமும் அடிபடும் சொல் "தாங்குவது"தான். "பையர் எவ்வளவு தாங்குறான், நாம எவ்வளவு தாங்குறோம்?" இதைத்தான் முதலாளியும் கேட்கிறார், வங்கி மேலாளரும் கேட்கிறார். அதனால் தாங்கு என்ற வேர் சரி. ஆனால் ஆளுக்குப் பெயர் வைப்பதைவிடப் பங்குக்குப் பெயர் வைப்பதுதான் உபயோகம்ங்க, ஏன் என்றால் யாரும் முழுசாகத் தாங்குவதில்லை.

ஒரு காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) போட்டுக் காட்டுகிறேன், எண்கள் உதாரணத்துக்குத்தான். பருத்திப் பின்னல் டி-சர்ட், எஃப்ஓபி விலை, அதாவது இங்கே கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை, 3 டாலர். இந்த ரகத்துக்கு அமெரிக்காவில் பழைய வரியே 16.5 சதவீதம் உண்டு, பையருக்கு அடக்கம் சுமார் 3.50. 2025 ஆகஸ்டில் அதன் மேல் 50 சேர்ந்து 66.5 சதவீதம் ஆனது, அடக்கம் கிட்டத்தட்ட 5 டாலர். பையர் போன் செய்து பத்து சதவீதம் டிஸ்கவுண்ட் கேட்கிறார். கொடுத்தால் எஃப்ஓபி 2.70, வரியோடு அவருக்கு அடக்கம் 4.50. புதிய 50 சதவீதம் 2.70-க்குக் கணக்கிட்டால் 1.35 டாலர். இந்த 1.35-இல் பையருக்குக் கூடுதலாக ஆனது 1 டாலர், நாங்கள் விட்டது 30 சென்ட். மீதி 5 சென்ட் எங்கே போனது என்றால், எங்கள் விலை குறைந்ததால் பழைய 16.5 சதவீத வரியில் அவர்கள் அரசுக்கே அவ்வளவு குறைந்துவிட்டது. பையர் 74 சதவீதம், நாங்கள் 22.

22-தானே என்று தோன்றலாம். நூல் விலை, சாயப்பட்டறை, பீஸ் ரேட் எல்லாம் போக ஒரு டி-சர்ட்டில் எங்களுக்கு நிற்கும் லாபம் அந்த 30 சென்ட் அளவுக்குக்கூட வருவதில்லை. பங்கு சின்னதாக இருந்தாலும் தாங்கும் முதுகு எவ்வளவு மெலிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்ங்க. எங்கள் லைனில் வேலை செய்கிற அக்காக்களுக்கு ஓவர்டைம் நின்றுபோனதை நான் நேரில் பார்க்கிறேன். அந்தச் சுமை எந்தக் காஸ்டிங் ஷீட்டிலும் வராது.

இன்னொன்று. சில ஆர்டர்களை டிடிபி முறையில் கேட்கிறார்கள், அதாவது வரியையும் நாங்களே கட்டி அவர்கள் கிடங்கு வரை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது கட்டுநரும் நாங்களே. உங்கள் சொல் இரண்டு நிலைமைக்கும் பொருந்த வேண்டும்.

மா., திருப்பூர்

———

அன்பின் செ., மா. தங்கச்சி,

மா. எழுதியது மிக நன்றாக விளங்கியது. எனக்கு "வரிதாங்கி"யில் ஒரு மறுப்பு இருக்கிறது. சுமைதாங்கிக் கல் என்பது தலைச்சுமையோடு வாற ஆள் கொஞ்ச நேரம் இறக்கி வைத்து, இளைப்பாறி, பிறகு தூக்கிக்கொண்டு போறதற்குக் கட்டினது. சுமை அதிலே தங்குகிறது, முடிவதில்லை. அப்படிப் பார்த்தால் வரிதாங்கி என்ற பெயர் துறைமுகத்தில் பணம் கட்டி, பிறகு அதை மற்றவர் தலையில் ஏற்றிவிடுகிற இறக்குமதியாளருக்குத்தான் பொருந்தும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

பாஸ்-த்ரூவுக்கு முன்பு ஒரு உரையாடல் இழையில் "வரிச்சாட்டு" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். தயவு செய்து வேண்டாம். எங்கள் பக்கம் சாட்டு என்றால் பொய்க்காரணம், "சாட்டுச் சொல்லாதே" என்று பிள்ளைகளைப் பேசுவோம். "வரிக்கடத்தல்" அதைவிட மோசம், கள்ளக்கடத்தல் என்றுதான் சனம் விளங்கும்.

இலங்கை உதாரணம் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் கூட்டுகிற பக்கத்தை மட்டுமே கதைத்துக்கொண்டிருக்கிறோம். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கு கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த அறவீட்டை அரசாங்கம் 25 சதமாக, அதாவது கால் ரூபாயாகக் குறைத்தது. கடையில் சீனி விலை அந்தளவுக்குக் குறையவே இல்லை. திறைசேரிக்கு வரவேண்டிய காசு நடுவிலே நின்றுவிட்டது. ஆகவே நாங்கள் ஆக்குகிற சொல் வரி ஏறுகிறபோதும் இறங்குகிறபோதும் பொருந்த வேண்டும். "விலையேற்று விகிதம்" போன்றவை இதிலே அடிபட்டுப்போகும், மேலும் பத்திரிகை வாசிக்கிறவர் அதை வெறும் விலையேற்றம் என்றே எடுப்பார்.

டாரிஃப் என்பதற்கு எங்களிடம் "தீர்வை" நல்ல புழக்கம். தமிழ்நாட்டில் வரி என்றே எழுதுகிறீர்கள். அமெரிக்க வழக்கிலே "இது வரியா, இல்லையா" என்பதே கேள்வியாக இருந்த நிலையில், தொடக்கத்திலேயே வரி என்று மொழிபெயர்த்தால் ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும். கவனியுங்கோ.

கு., யாழ்ப்பாணம்

———

கு. அண்ணா சொன்ன சுமைதாங்கி மறுப்பு முழுக்கச் சரி. வரிதாங்கியை விட்டுவிடுவோம். தீர்வை பற்றியும் ஒத்துக்கொள்கிறேன், சட்டக் கட்டுரைகளில் தீர்வை என்றே எழுதலாம், செய்தித் தலைப்பில் இறக்குமதி வரி இருந்துவிட்டுப் போகட்டும், அதை மாற்றப் போராடி நேரத்தை வீணாக்க எனக்கு விருப்பமில்லை.

மா. சொன்ன "தாங்கும் பங்கு" என்பதையே இறுக்கி "தாங்குபங்கு" என்று வைத்தால் என்ன? ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும். வாங்குநர் தாங்குபங்கு, விற்பவர் தாங்குபங்கு, நுகர்வோர் தாங்குபங்கு என்று யாரோடும் சேர்க்கலாம். வரி குறையும்போது? சீனி விஷயத்தில், சுமை குறைந்ததன் பலனில் நுகர்வோருக்கு வந்த பங்கு சொற்பம் என்று சொல்ல வேண்டியிருக்கும், அங்கே கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் உடைந்துபோகவில்லை.

இந்தச் சொல் ஏன் அவசரமாக வேண்டும் என்பதற்கு டிரம்பின் 2025 ஏப்ரல் 2 "பரஸ்பர வரி" அறிவிப்பையே பாருங்கள். அன்று இந்தியாவுக்கு 26, இலங்கைக்கு 44 என்று எண்களை வாசித்தார்கள். அவை வந்த வழி: அந்த நாட்டோடு அமெரிக்காவுக்குள்ள சரக்கு வணிகப் பற்றாக்குறையை, அங்கிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, பாதியாக்கியது. இலங்கைக்கு 88, அதில் பாதி 44. வெளியிட்ட வாய்பாட்டில் இரண்டு கிரேக்க எழுத்துகள் இருந்தன. ஒன்று விலை ஏறினால் இறக்குமதி எவ்வளவு குறையும் என்பது, அதற்கு 4 என்று போட்டார்கள். இன்னொன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே வாங்குநர் தாங்குபங்கு, அதற்கு 0.25. 4-ஐயும் 0.25-ஐயும் பெருக்கினால் 1, இரண்டும் காணாமல் போய்விடும்.

அந்த 0.25-க்கு அவர்கள் காட்டிய ஆதாரங்களில் பொருளாதார அறிஞர்கள் கவாலோ, கீதா கோபிநாத், நைமன், டாங் ஆகியோரின் 2021 கட்டுரையும் உண்டு. அந்த ஆய்வு கண்டது வேறு: எல்லையில் தீர்வை கிட்டத்தட்ட முழுதாக அமெரிக்க இறக்குமதி விலையில் ஏறியது, கடை விலையில்தான் அந்த அளவுக்கு ஏறவில்லை, நடுவில் சில்லறை வணிகர்கள் லாபத்தில் விட்டுக்கொடுத்தார்கள். நைமனே பத்திரிகையில் எழுதினார், 0.25 இருந்த இடத்தில் 0.945 போன்ற எண் இருக்க வேண்டும், அப்படிப் போட்டால் தீர்வைகள் கால்வாசியாகச் சுருங்கிவிடும் என்று. 44 சதவீதமா 11 சதவீதமா என்று ஒரு நாட்டின் ஆடைத் தொழிலையே ஆட்டிவைக்கும் வித்தியாசம், தாங்குபங்கு என்ற ஒற்றை எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத் தமிழில் பெயர்கூட இல்லாமல் நாம் "பரஸ்பர வரி" என்று எழுதிக்கொண்டிருந்தோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

ஆக, "எல்லைத் தாங்குபங்கு", "கடைத் தாங்குபங்கு" என்று பிரித்தும் எழுத முடிகிறது. பொருளுக்குப் பொருள் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது, 2018-இல் டிரம்ப் போட்ட தீர்வைகளுக்குப் பிறகு எஃகில் வெளிநாட்டு ஆலைகள் விலையைக் குறைத்துக் கணிசமாகத் தாங்கின, பெரும்பாலான மற்றப் பொருள்களில் அப்படி நடக்கவில்லை.

செ.

———

ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம். இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். மதுரையில் வரி வழக்குகள் நடத்துகிறேன்.

தாங்குபங்கு நல்ல சொல், ஆனால் அது மட்டும் போதாது. நம் சுங்கச் சட்டம் 1962-இல் 28டி என்று ஒரு பிரிவு உண்டு. தீர்வை கட்டிய ஒவ்வொருவரும் அதன் முழு இன்சிடென்ஸையும் வாங்குபவருக்கு மாற்றிவிட்டதாகவே கருதப்படுவார், இல்லை என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் தாங்குபங்கைப் போட்டுப் பாருங்கள், "முழுத் தாங்குபங்கையும் மாற்றிவிட்டதாக" என்று நெளிகிறது. பங்கு என்றாலே பகுதி. இங்கே வேண்டியது சுமைக்கே ஒரு பெயர். "வரிப்பொறை" என்று நான் குறிப்புகளில் எழுதிவருகிறேன், தீர்வையானால் "தீர்வைப்பொறை". பொறை என்றால் பாரம், பொறுத்தல் என்றும் பொருள் உண்டு, இரண்டும் இங்கே பொருந்துகின்றன. "தீர்வைப்பொறை முழுவதையும் வாங்குநருக்கு மாற்றிவிட்டதாகக் கொள்ளப்படும்" என்று எழுதினால் சட்டத் தமிழாக நிற்கிறது.

இந்தப் பிரிவு எதற்கு என்றால், திருப்பித் தருவதற்கு. அரசு தவறாக வசூலித்த தீர்வையை இறக்குமதியாளர் திரும்பக் கேட்கலாம், ஆனால் அவர் அதை ஏற்கெனவே விலையில் ஏற்றி வாங்கியிருந்தால் இரண்டு முறை பணம் பார்த்த மாதிரி ஆகிவிடும். 1996 டிசம்பரில் மஃபத்லால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இந்த ஏற்பாட்டை உறுதி செய்தது. பொறையை மாற்றாதவருக்குத்தான் பணம், மாற்றியிருந்தால் நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். கட்சிக்காரர்களுக்கு இதை விளக்குவது பெரிய பாடு. "நான்தானே சார் கட்டினேன், சலான் இருக்கே" என்பார்கள். சலான் கட்டியதற்குத்தான் சாட்சி, சுமந்ததற்கு இல்லை என்று சொல்லி, பட்டயக் கணக்கர் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லி அனுப்புவேன்.

அமெரிக்கச் சுங்க நடைமுறையில் திரும்பும் பணம் கட்டிய இறக்குமதியாளருக்கே போகும். கடையில் சட்டை வாங்கியவருக்கு நேர் வழி இல்லை, டிஸ்கவுண்ட் கொடுத்த திருப்பூருக்கும் இல்லை. திருப்பித் தருவது பெரும் சிக்கலாகிவிடுமோ என்று நீதிபதி பேரட் வாதத்தின்போது கவலைப்பட்டார், அதில் நியாயம் இருக்கிறது. தமிழ்ச் செய்திகளில் இந்த விஷயம் இன்னும் பல நாள் ஓடும், சொற்களை இப்போதே முடித்துவிடுவது நல்லது.

வ., மதுரை

———

வ. சார், அப்படியானால் எங்களுக்கு ஒன்றும் திரும்பி வராதா? 30 சென்ட் போனது போனதுதானா?

மா.

———

மா. அம்மா, சட்டப்படி நீங்கள் கட்டுநர் அல்ல, விலையைக் குறைத்துக் கொடுத்தவர். பையரோடு போடும் ஒப்பந்தத்தில், "தீர்வை திரும்பக் கிடைத்தால் கொடுத்த தள்ளுபடிக்கு ஏற்ற பங்கை விற்பவருக்குத் தர வேண்டும்" என்று ஒரு வாசகம் இருந்தால் கேட்கலாம். இல்லையென்றால் கடினம். டிடிபி ஆர்டர்களில் நீங்களே இறக்குமதியாளராகப் பதிவாகியிருந்தால் கதை வேறு, அந்தச் சுங்க நுழைவு ஆவணங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வ.

———

சரி, மூன்று சொற்களையும் நம் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

வரிகட்டுநர்: சட்டப்படி அரசிடம் வரியைச் செலுத்தும் பொறுப்புள்ளவர்.

வரிப்பொறை: வரியால் உண்மையில் விளையும் சுமை. இறுதியில் அது யார் மீது விழுந்தாலும் இதே பெயர்.

தாங்குபங்கு: வரிப்பொறையில் ஒரு தரப்பு ஏற்கும் விகிதம். எடுத்துக்காட்டு வாக்கியம்: "2025-இல் இந்திய ஆடைகள் மீதான 50 சதவீதத் தீர்வையை அமெரிக்க இறக்குமதியாளர்கள் கட்டினார்கள், தள்ளுபடி கேட்டதால் திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் தாங்குபங்கு உயர்ந்தது."

கு. அண்ணா, வரி குறையும்போது மிச்சமாகும் பலனின் பங்குக்குத் தனிச்சொல் வேண்டுமா, தாங்குபங்கையே நீட்டிக்கொள்ளலாமா? சீனி உதாரணத்தை வைத்து ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள், அதையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறேன்.

செ.