இளவேனில் வந்ததும் தும்மல், கண் அரிப்பு, தூக்கமின்மை: வழி சொல்லுங்கள்

திருமங்கலத்துப் பெண்:
அனைவருக்கும் வணக்கம். நான் திருமங்கலத்தைச் சேர்ந்தவள். கணவருடைய வேலையின் பொருட்டு இங்கு வந்து குடியேறியிருக்கிறோம். குளிர்காலத்தை ஒருவழியாகக் கடந்துவிட்டோம், பங்குனியில் வெயில் தலைகாட்டியதும் உடம்பு தேறிவிடும் என்று நம்பியிருந்த வேளையில்தான் இந்தத் தொல்லை தொடங்கியது. மூன்று வாரங்களாக, விடியற்காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. கண் சிவந்து அரிக்கிறது. மூக்கு நீராக ஒழுகுகிறது. இரவில் தூக்கமே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சளி மாத்திரையில் நான்குதான் மீதமிருக்கிறது. "தலைக்கு ஊற்றாதே, ஜன்னலைத் திறந்து வைத்து நல்ல காற்று வாங்கு, வேப்பம்பூ ரசம் வைத்துக் குடி" என்று அம்மா தினமும் தொலைபேசியில் சொல்கிறார். அப்படியே செய்தும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கணவர் இந்த வாரம் முழுவதும் வெளியூரில் இருக்கிறார். உடம்பில் எதிர்ப்புச் சக்தியை ஏற்றி இந்தப் பருவத்தைத் தாங்குவதற்கு இயற்கையான வழி ஏதேனும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

மேலூர்க்காரர், டொராண்டோ:
தங்கச்சி, கவலைப்படாதீர்கள், இது வெயில் காணாத உடம்பின் களைப்பு. நம் மதுரைப் பக்கத்தில் எந்த மாதமானாலும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் இருக்கும். இங்கே மார்கழியில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்தான் வெளிச்சம். நான் வந்த முதல் ஆண்டில், விடியும் முன்னே கிடங்கு வேலைக்குப் போய் இருட்டிய பின்னே திரும்பி, நான்கு மாதங்கள் சூரியனையே காணாமல் கிடந்தேன். முழங்கால் வலியும் காரணமில்லாத அழுகையும் வந்து, வைட்டமின் டி குறைந்திருப்பதை மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் மீண்டேன். அறையில் உடனிருந்த நால்வரும் ஊருக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நீங்கள் வைட்டமின் டி எடுத்துக்கொண்டு, காலையில் எழுந்தவுடன் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்து வாருங்கள். பத்தே நாட்களில் மாற்றம் தெரியும்.

உசிலம்பட்டி அக்கா, ஸ்டுட்கார்ட்:
தம்பி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மூக்கு ஒழுகும்போது காலைப் பனிக்காற்றில் நடக்கச் சொல்வது முறையன்று. குளிர்காலத்தில் உறைந்து கிடந்த கபம் இளவேனிலில் இளகி வெளியே வருகிறது என்றுதான் எங்கள் பாட்டி சொல்வார். சுக்கு, மல்லி, திப்பிலி தட்டிப் போட்டுக் கருப்பட்டியுடன் காலை மாலை குடிக்க வேண்டும். தயிரை இரவில் தொடக் கூடாது. மஞ்சள் போட்டு ஆவி பிடிக்க வேண்டும். நான் வந்த புதிதில் இதே காலத்தில் ஆப்பிள் கடித்தாலே உதடும் தொண்டையும் அரிக்கும். குளிர்ச்சியான பழம் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன். துணைக்கு ஆளில்லாமல், மொழியும் தெரியாமல், கையில் வைத்திருந்த சுக்கு தீர்ந்துபோன அன்று நான் அழுத அழுகையை இன்றும் மறக்கவில்லை. ஆகவே ஊரிலிருந்து ஒரு கிலோ சுக்கை முதலில் வரவழைத்துக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டி, லண்டன்:
மருத்துவரிடம் போகலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை என்பது என் அனுபவம். விசாவுடன் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணமாகக் கட்டிவிட்டு வருகிறோம். என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது, காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் வரிசையில் நின்று, எங்கள் முறை வரும் முன்பே அன்றைய இடங்கள் தீர்ந்துபோயின. மூன்றாம் நாள் கிடைத்த சந்திப்பில் பாராசிட்டமால் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மேலூர்க்காரர், டொராண்டோ:
இங்கும் அதே கதைதான், அண்ணே. நம் ஊரில் தெருமுனைக் கடையில் மாத்திரை வாங்கி, மறுநாளே வேலைக்குப் போன காலத்தை நினைத்தால் மனம் கனக்கிறது.

சோழவந்தான், லீட்ஸ்:
குறைகள் உண்மையானவை, ஆனால் அந்தப் பெண் தூங்கி மூன்று வாரமாகிறது. நான் செவிலியராக வேலை செய்கிறேன். தங்கச்சி, சில விவரங்கள் தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது. எந்த நாடு, எந்த ஊர்? வந்து எவ்வளவு காலமாகிறது? காய்ச்சல் உண்டா? கருவுற்றிருக்கிறீர்களா, கைக்குழந்தை உண்டா? சிறுவயதில் ஆஸ்துமா போன்ற இளைப்பு இருந்ததா?

திருமங்கலத்துப் பெண்:
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். மான்செஸ்டரில் இருக்கிறோம். வந்து ஓராண்டு கடந்துவிட்டது. சென்ற ஆண்டும் இதே காலத்தில் கொஞ்சம் தும்மல் இருந்தது, அப்போது கருவுற்றிருந்ததால் அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். மகளுக்கு ஏழு மாதமாகிறது, தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். காய்ச்சல் இல்லை. பள்ளி நாட்களில் வீசிங் வந்து, மதுரைக்கு அழைத்துப் போய் ஆவி மருந்து வைத்திருக்கிறார்கள். பிறகு பல ஆண்டுகளாக இல்லை. நேற்றிரவு நெஞ்சில் விசில் போல ஒரு சத்தம் கேட்டது; மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஜன்னலுக்கு நேரே வெள்ளைப் பட்டையுள்ள மரங்கள் வரிசையாக நிற்கின்றன. துணிகளைப் பால்கனியில்தான் உலர்த்துகிறேன்.

சோழவந்தான், லீட்ஸ்:
நெஞ்சில் விசில் சத்தமும் மூச்சு வாங்குவதும் இருப்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இன்றே உங்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையை அழைத்து, இப்போது எனக்கு எழுதிய அதே சொற்களில் சொல்லுங்கள். இன்று இடமில்லை என்றால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். பேச்சு புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத அளவுக்குத் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காமல் 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

அடுத்தது தும்மல். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பட்டை மரம் பிர்ச் மரமாகத்தான் இருக்க வேண்டும். இந்நாட்டில் மரங்களின் மகரந்தம் மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையும், அதன்பின் புல்லின் மகரந்தம் ஜூலை வரையும் காற்றில் பறக்கிறது. நம் சித்திரை வெயில் புழுதியைக் கிளப்புவதுபோல இங்கே இளவேனில் மகரந்தத்தைக் கிளப்புகிறது. கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. உங்கள் தும்மல் ஒவ்வாமையால் வருவது, எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதன்று. தீங்கற்ற பூந்தூளைப் பகையென்று எண்ணி அச்சக்தி மிகையாகப் போராடுவதால் வருவது. ஆகவே அதை ஏற்றும் மருந்தைத் தேடாதீர்கள். மகரந்தம் உடம்பில் படாமல் பார்த்துக்கொள்வதும் மூக்கின் வீக்கத்தைத் தணிப்பதும்தான் உடம்புக்கு நாம் செய்யக்கூடிய உதவி. சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் தம் உடம்பின் மீதே மகரந்தத்தைச் சோதித்து இதன் காரணத்தை 1873இல் எடுத்துக்காட்டினார். அவர் உங்கள் மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்தவர்தான். ஒரு பருவம் பழகிய பின் மறு பருவத்தில் ஒவ்வாமை வலுப்பது நம்மவர் பலரிடம் நான் பார்த்தது. சிறுவயதில் இளைப்பு இருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அம்மா சொன்னவற்றில் இரண்டை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். இரவு படுக்கும் முன் வெந்நீரில் தலைக்குக் குளித்து நன்றாக உலர்த்துங்கள். பகலெல்லாம் முடியில் படிந்தது தலையணைக்கு வருவதால்தான் விடியற்காலையில் தும்மல் கூடுகிறது. மரங்கள் பூத்திருக்கும் வரை அந்த ஜன்னலை மூடியே வையுங்கள், துணிகளை வீட்டுக்குள் உலர்த்துங்கள். வெளியே போய் வந்ததும் உடையை மாற்றி முகம் கழுவுங்கள். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். வானிலை அலுவலகம் தினமும் மகரந்த அளவை அறிவிக்கிறது. மிகுதி என்று சொல்லும் நாளில் குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதைத் தள்ளிப்போடுங்கள். வேப்பம்பூ ரசமும் சுக்குமல்லிக் காப்பியும் தொண்டைக்கு இதம் தரும், அளவாகக் குடியுங்கள். அவை ஒவ்வாமையை நிறுத்திவிடும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தவழத் தொடங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து ஆவி பிடிக்கவே வேண்டாம். அப்படிச் சுட்டுக்கொண்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த சளி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். அவற்றில் பலவும் தூக்கத்தைத் தருவன, பாலூட்டும்போது ஏற்றவையல்ல. அருகிலுள்ள மருந்துக் கடையில் மருந்தாளுநரிடம் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். செட்ரிசின், லோராடாடின் என்ற ஒவ்வாமை மாத்திரைகள் இரண்டும் மருத்துவர் சீட்டில்லாமலே கிடைக்கும். பாலூட்டும் தாய்மார் பொதுவாக எடுத்துக்கொள்ளக்கூடியவை, இருந்தாலும் குழந்தையின் வயதையும் உங்கள் இளைப்பையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே தந்தால், அது முழுப் பலன் தரச் சில நாட்களாகும் என்பதால் இரண்டாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். குழந்தை பிறந்து பன்னிரண்டு மாதங்கள் வரை உங்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. பேறுகாலத்தில் தந்த விலக்குச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

மேலூர் அண்ணன் சொன்ன வைட்டமின் டியும் வேண்டியதுதான்: பாலூட்டும் உங்களுக்கு நாளுக்கு 10 மைக்ரோகிராம், தாய்ப்பால் குடிக்கும் மகளுக்குத் தனியே சொட்டு மருந்தாக 8.5 முதல் 10 மைக்ரோகிராம். அது எலும்புக்கு உதவும், தும்மலுக்கு அன்று. உசிலம்பட்டி அக்காவுக்கு ஆப்பிளால் வந்த அரிப்பும் குளிர்ச்சியால் வந்ததாக இராது. பிர்ச் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்கு ஆப்பிளும் கேரட்டும் பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கும், வேக வைத்தால் பெரும்பாலும் அரிப்பதில்லை.

உசிலம்பட்டி அக்கா, ஸ்டுட்கார்ட்:
இத்தனை ஆண்டுகளாக இது எனக்குத் தெரியாது. எங்கள் தெருவிலும் அந்த மரங்கள்தான் நிற்கின்றன. தங்கச்சி, சுக்கு பிறகு வரட்டும், முதலில் அழையுங்கள்.

திருமங்கலத்துப் பெண்:
அழைத்துவிட்டேன் அக்கா. இளைப்பு என்று சொன்னதும் இன்று மாலை நான்கரை மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். மகளைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா பார்த்துக்கொள்கிறார். பால்கனித் துணிகளை உள்ளே எடுத்து, மறுபடியும் துவைக்கப் போட்டிருக்கிறேன்.