பொருள்: லிவரி யார்டு – தமிழில் என்ன எழுதலாம்?

இலண்டனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். இங்கே சிறுதொழில் செய்யும் தமிழர்களுக்கு நடக்கும் மாலை வகுப்புக்கு ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வகுப்புக்கு வரும் ஒரு குடும்பம் கென்ட் பக்கம் பழைய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து, பிறர் குதிரைகளை மாதப் பணத்துக்குக் கட்டிவைக்க இடம் தருகிறது. அதைத்தான் இங்கே லிவரி யார்டு என்கிறார்கள்.

இதில் வகைகள் உண்டு. இடம் மட்டும் தருவது ஒன்று. தீனி வைப்பதும் சாணம் அள்ளுவதும் குதிரைக்காரர் வேலை. முழுப் பராமரிப்பையும் இடத்துக்காரரே ஏற்பது இன்னொன்று. பாதிப்பாதியும் உண்டு. செலவைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்குக் குதிரையைச் சவாரிப் பள்ளிக்குப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு. இப்போதைக்குக் ‘குதிரை விடுதி’ என்றும், தொழில் நடக்கும் கட்டடத்துக்கு இங்கே கட்டும் பிசினஸ் ரேட்ஸுக்கு ‘வணிக வரி’ என்றும் எழுதிவைத்திருக்கிறேன். திருத்துங்கள்.

கோவையிலிருந்து, தமிழாசிரியர்:

விடுதி வேண்டாம் அம்மா. விடுதி, தங்குகிறவர் தன் விருப்பப்படி வந்துபோகும் இடம். இங்கே நடப்பது ஒப்படைப்பு. அதற்குக் கம்பர் வைத்த சொல்லே இருக்கிறது. விசுவாமித்திரரிடம் தசரதன் இராமனை ஒப்படைக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றுதான் பெயர். கையடை என்றால் காப்பதற்காக ஒருவர் கையில் கொடுத்த பொருள். குதிரை கட்டும் இடத்துக்குப் பந்தி என்ற சொல்லும் உண்டு. ‘கையடைப் பந்தி’ என்று போடுங்கள். ‘அடை’ என்ற வேரைக் கவனியுங்கள்: அடைக்கலம், அடைமானம், அடைகாத்தல். எல்லாவற்றிலும் பாதுகாப்புப் பொருள் ஓடுகிறது. அடகும் இதே குடும்பம்தான் என்பது என் கருத்து. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:

ஐயா, இன்றைக்குப் பந்தி என்றால் சாப்பாட்டு வரிசைதான். குதிரை யாருக்கும் நினைவுக்கு வராது. லாயம் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ‘குதிரை லாயம்’ போதும். அச்சடித்த தாளைப் படித்து அபராதம் வராமல் தப்பிக்க வேண்டிய ஆட்களுக்கு எழுதுகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பிசினஸ் ரேட்ஸை ‘வணிக வரி’ என்பது பெரும் குழப்பம். தமிழ்நாட்டார் அதை விற்பனை வரி என்றுதான் எடுப்பார்கள். அங்கே வணிகவரித் துறை அதைத்தானே வசூலிக்கிறது? ரேட்ஸ் இலாபத்தின் மேல் வருவதில்லை, கட்டடத்தின் மேல் வருவது. எங்கள் பக்கம் மாநகர சபைக்குக் கட்டும் இதே வகை வரியை ஆதனவரி என்கிறோம், பேச்சில் சோலைவரி. அந்தக் குடும்பம் எங்கள் பக்கத்து ஆட்களாக இருந்தால் விளக்கமே தேவையில்லை. ‘தொழிலிட ஆதனவரி’ என்று எழுதுங்கோ.

இலண்டனிலிருந்து, கணக்காளர்:

யாழ்ப்பாணத்து அக்கா சொல்வது சரி. இடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று அரசின் மதிப்பீட்டு அலுவலகம் ஒரு தொகை குறிக்கும். அதை அரசு அறிவிக்கும் விகிதத்தால் பெருக்கினால் வரி. இங்கிலாந்தில், இது ஒன்றுதான் உங்கள் தொழிலிடம் என்றால், மதிப்பு 12,000 பவுண்டு வரை முழு விலக்குக் கேட்கலாம். 15,000 வரை சலுகை படிப்படியாகக் குறையும். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று: எந்தச் சொல்லைப் போட்டாலும் ‘பண்ணை’ மட்டும் வேண்டாம். விவசாய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இந்த வரி கிடையாது. பண்ணையில்தானே இருக்கிறோம், நமக்கு வராது என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்ஸ்பரி குதிரைப் பண்ணை வழக்கில் 1988இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்துச் சொல்லிவிட்டது: உணவுக்கோ கம்பளிக்கோ உழவுக்கோ வளர்க்காத குதிரை, இந்தச் சட்டத்தின்படி கால்நடை ஆகாது. ஆகவே அதன் கொட்டகை விவசாயக் கட்டடம் ஆகாது. மேய்ச்சல் புல்வெளியின் நிலை வேறாக இருக்கலாம். லாயத்துக்கு விவசாய விலக்குக் கிடையாது.

கோவையிலிருந்து, தமிழாசிரியர்:

‘கால்நடை’யில் குதிரை இல்லை என்பது நம் மொழிக்கு ஒவ்வாத தீர்ப்பு. நாலு காலால் நடப்பதெல்லாம் கால்நடையே. அது கிடக்கட்டும். ஒப்படைப்பு என்றதும் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நினைவுக்கு வருகிறது. பாண்டியனிடம் குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுக்கிறார் இறைவன். கயிறு கைமாறிவிட்டால், அதற்குமேல் குதிரைக்கு எது வந்தாலும் வாங்கியவர் பாடு. அன்றிரவே அவை நரியாகின்றன. பொறுப்பு எந்த நொடியில் கைமாறுகிறது என்பதற்கு நம்மிடம் சடங்கே இருந்திருக்கிறது! ‘கயிறுமாற்றுப் பொறுப்பு’ என்று காப்பீட்டுக்கு ஒரு சொல் ஆக்கலாமே?

பர்மிங்காமிலிருந்து, காப்புறுதி முகவர்:

ஐயா, கதை மிகப் பொருத்தம். ஆனால் அதனால்தான் கையடை பொதுப்பெயராக வரக்கூடாது. இடம் மட்டும் தருபவரிடம் பெரும்பாலும் யாரும் கயிற்றை மாற்றிக் கொடுப்பதில்லை. குதிரைக்காரரே காலையில் வந்து வாளியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். அந்த இடத்துக்கும் கையடை என்று அச்சில் பெயர் வைத்தால், ஏற்காத பொறுப்பை ஏற்றதாக ஆகிவிடும்.

முழுப் பராமரிப்பில் நிலைமை தலைகீழ். வெளியாருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்தாயிற்று, போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வழக்கமாக அந்தக் காப்புறுதி, உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் உடைமைக்கு நேரும் சேதத்தைக் கழித்துவிடும். குதிரையும் உடைமைதான். உங்கள் ஆள் கதவைச் சரியாகத் தாழிடாமல் குதிரை காலை ஒடித்துக்கொண்டால் அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். ஆங்கிலத்தில் கேர், கஸ்டடி அண்ட் கன்ட்ரோல் என்று மூன்று சொல்லால் சொல்வது அதைத்தான். அங்கே ‘கையடைக் காப்புறுதி’ கச்சிதம்.

சட்டம் கட்டாயமாக்குவது வேறொன்று. ஊழியர் இருந்தால், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 50 இலட்சம் பவுண்டுக்குத் தொழில்தருநர் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம். சம்பளத்துக்குப் பதிலாகச் சவாரி நேரம் பெற்றுக்கொண்டு லாயம் கூட்டும் பெண்ணும் ஊழியராகக் கருதப்படலாம்.

பொதுப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் ‘கீப்பர்’ என்றால் சொந்தக்காரர் மட்டுமல்ல, கைவசம் வைத்திருப்பவரும்தான். மிர்வஹேதி வழக்கில், மிரண்டு வேலி தாண்டி நெடுஞ்சாலைக்கு ஓடிய குதிரை மீது கார் மோதி ஓட்டுநருக்குக் கடுமையான காயம். வைத்திருந்தவர்கள் மேல் கவனக்குறைவு இல்லை என்றபோதும் 2003இல் பிரபுக்கள் சபை அவர்களையே பொறுப்பாக்கியது. கீப்பருக்குக் ‘காவலர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து:

கீப்பருக்கு ‘வைத்திருப்பவர்’ போதும். காப்புறுதியா காப்பீடா என்று இன்னொரு சண்டை தொடங்கும் முன் முடித்துவிடலாம்.

இலண்டனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது, இப்படி அனுப்புகிறேன். லிவரி யார்டு: கட்டண லாயம். வகைகள்: இடம் மட்டும், பகுதிப் பராமரிப்பு, முழுப் பராமரிப்பு, சவாரி ஈடு. ரேட்ஸ்: தொழிலிட ஆதனவரி. முழுப் பராமரிப்புப் பக்கத்தில் மட்டும் கையடைக் காப்புறுதி, இரண்டு வரி விளக்கத்தோடு. வகுப்பில் பெரும்பாலோர் ஈழத்தவர் என்பதால் காப்பீடு இல்லை, காப்புறுதிதான். முதல் பக்கத்திலேயே, இது பண்ணைத் தொழிலாகக் கணக்கில் வராது என்று எழுதிவிட்டேன்.

கோவையிலிருந்து, தமிழாசிரியர்:

கையடை ஒரு பக்கத்திலாவது ஏறியதில் மகிழ்ச்சி. லாயத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்குள் பந்திக்குச் சான்றுகளைத் திரட்டி அனுப்புகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அடைப்புக்குறிக்குள் சோலைவரி என்றும் ஒருமுறை போடுங்கோ. வயதான ஆட்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள்.