நான்கு கோமாளி மீன்கள்: பெரியது மற்றவற்றைக் கடிக்கிறது, அவசர உதவி தேவை

குடந்தைத் தொட்டி (இழையைத் தொடங்கியவர்):
வணக்கம். எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் இரண்டு ஜோடி கோமாளி மீன்கள் உள்ளன. இதுவரை ஒற்றுமையாக இருந்தவை இப்போது அடித்துக்கொள்கின்றன. பெரிய மீன் ஒன்று வேறு இரண்டை மேல்மூலைக்கு விரட்டிவிட்டது. அவற்றுள் ஒன்றின் வால் கிழிந்திருக்கிறது. அது இரையும் எடுக்கவில்லை. தண்ணீரைச் சோதித்துவிட்டேன், எல்லாம் சரியாகவே இருக்கிறது. இன்று இரவுக்குள் என்ன செய்யலாம் என்று தயவுசெய்து கூறுங்கள்.

நாகை உப்புக்காற்று:
தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை அடி நீளம்? மீன்கள் எந்த வகை: ஒசெலாரிஸா, கிளார்க்கியா, மரூனா? நான்கையும் ஒரே நாளில் விட்டீர்களா? தண்ணீர் சரியாக இருக்கிறது என்றால் அம்மோனியா, நைட்ரைட், உப்படர்த்தி ஆகியவற்றின் எண்கள் என்ன? இவை தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் ஊகமாகவே இருக்கும்.

ஆரூர் மீன்பித்தன்:
என் கணிப்பில் இது வெப்பத்தின் வேலை. சித்திரையில் நம் பக்கத்து வீடுகளுக்குள் வைத்த தொட்டி எளிதில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறையும், மீன்கள் பதற்றமடையும். நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிவிடுவதால், குறைந்த அளவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வையுங்கள்.

பழைய அலை:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியாயிற்று. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. வெப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் தலைமை பெறுவது பெண்ணாக மாறுகிறது, அதற்கு அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆணாகிறது, எஞ்சியவை அவ்விரண்டுக்கும் கீழே வளர்ச்சி அடங்கி வரிசையில் காத்திருக்கின்றன. கடலில் ஒரே கடற்சாமந்தியில் (கோமாளி மீன்கள் அடைக்கலம் கொள்ளும், பூப்போன்ற கடலுயிரி) வாழும் கூட்டத்திலும் இதே வரிசைதான். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். ஆனால் பெண்ணான மீன் மீண்டும் ஆணாவதில்லை. ஆகவே கடைக்காரர் நான்கு சிறு மீன்களைப் பையில் கட்டி 'இரண்டு ஜோடி' என்று கொடுத்தாலும், தொட்டிக்குள் உருவாகக்கூடியது ஒரு ஜோடியும் இரண்டு உபரி மீன்களும்தான்.

குடந்தைத் தொட்டி:
தொட்டி மூன்றடி நீளம், ஏறக்குறைய 150 லிட்டர். நான்கும் ஒசெலாரிஸ், சிறியவையாக ஒன்றாகவே வாங்கினோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், வெப்பம் 28 டிகிரி, உப்படர்த்தி 1.024. தரங்கம்பாடியிலிருந்து கேனில் கொண்டுவந்த கடல்நீரைத்தான் பயன்படுத்துகிறோம். கடற்சாமந்தி வைக்கவில்லை.

ஆரூர் மீன்பித்தன்:
கடல்நீரா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. கரையோர நீரில் படகு எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

நாகை உப்புக்காற்று:
நாங்கள் கடல்நீரிலேயே தொட்டி நடத்துகிறோம் ஐயா. ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரியும் கொள்ளிடமும் பெருகிக் கடலில் விழும் நாட்களில் முகத்துவாரத்தை ஒட்டிய நீரை எடுக்கக் கூடாது. உப்பு இறங்கியிருக்கும், சேறும் கலந்திருக்கும். மற்ற நாட்களில் வடிகட்டி, இருட்டில் சில நாள் வைத்து, உப்படர்த்தியை அளந்து பயன்படுத்தினால் பெரும்பாலும் குறையில்லை. உப்புக் கலவை வாங்க எல்லோராலும் முடியாது.

ஆரூர் மீன்பித்தன்:
குறையில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். அளவுகோல் உப்பைக் காட்டும், எண்ணெயைக் காட்டாது.

பழைய அலை:
எந்த நீரானாலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். நீர் கெட்டிருந்தால் நான்கும் சோர்ந்திருக்கும். இங்கே கடிப்பவள் கொழுத்துத் திரிகிறாள், கடிபடுவது மட்டும் ஒதுங்குகிறது.

மயிலைப் பவளம்:
பழைய அலை சொல்வது சரி, சொல்லும் விதம்தான் கசக்கிறது. தம்பி, இன்று இரவுக்கு இதைச் செய்யுங்கள். சோப்புப் படாத புது பிளாஸ்டிக் வடிகூடையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அடிபட்ட இரண்டையும் அதற்குள் விடுங்கள்; நீரோட்டம் கிடைக்கும், கடி கிடைக்காது. அதன்பின் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றியே ஆக வேண்டும். கற்களை இடம் மாற்றி அடுக்கினால் சண்டை சிறிது தணியும், ஆனால் நீடிக்காது. பெரியதும் அதன் இணையும் ஏதேனும் ஒரு கல்லையோ கண்ணாடியையோ வாயால் துடைக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் முட்டையிடத் தயாராகின்றன, விரட்டல் இன்னும் கடுமையாகும். சிறியது பெரியதன் முன் பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கினால் பயப்பட வேண்டாம். அது பணிவைக் காட்டும் செயல்.

நாகை உப்புக்காற்று:
ஆறடித் தொட்டியில் இரண்டு கோடியிலும் தனித்தனிக் கடற்சாமந்தி வைத்து இரண்டு ஜோடி வளர்ப்பவர்களும் உண்டே?

மயிலைப் பவளம்:
உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு ஜோடி முட்டையிடும் வரை அது நடந்தது. முட்டையைக் காக்கும் நாட்களில் தொட்டி முழுவதும் தம்முடையது என்றே அவை எண்ணிவிட்டன. மூன்றடித் தொட்டியில் அதை முயலவே வேண்டாம்.

குடந்தைத் தொட்டி:
வடிகூடையில் விட்டாயிற்று. கிழிந்த வால் மீன் இறாலைத் தின்றுவிட்டது. பெரியது கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ள மயிலாடுதுறைப் பக்கம் யாரேனும் இருக்கிறீர்களா?

மயிலைப் பவளம்:
ஒன்றை நான் வாங்கிக்கொள்கிறேன். என்னிடம் துணையிழந்த பெண் இருக்கிறது. எது சிறியது என்று அளந்து சொல்லுங்கள், அதுதான் வேண்டும்.