‘உளங்காட்டி’: ஒரு முன்மொழிவு

நண்பர்களே, வணக்கம்.

சைலோசைபின் (சிலவகைக் காளான்களில் உள்ள வேதிப்பொருள்), எல்எஸ்டி போன்ற, உணர்வையும் புலனறிவையும் மாற்றும் ‘சைக்கடெலிக்’ (psychedelic) மருந்துகளின் துணையோடு மனச்சோர்வுக்கும் நாட்பட்ட வலிக்கும் தரப்படும் சிகிச்சையைப் ‘போதை மருந்து சிகிச்சை’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்பவர் அதைப் போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை என்றே எடுத்துக்கொள்வார். ‘மயக்க மருந்து’ என்பதோ அறுவை அரங்குக்குரிய சொல். ‘மாயத்தோற்ற மருந்து’ என்றால் இல்லாததைக் காண்பதுதான் சிகிச்சை என்றாகிவிடும். ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்பவரிடம் இவற்றில் எந்தப் பெயரைச் சொல்லி ஒப்புதல் கையெழுத்துக் கேட்பது?

மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1950களில் கிரேக்க வேர்களிலிருந்து ‘சைக்கடெலிக்’ என்ற மூலச்சொல்லை உருவாக்கியபோது, உள்ளத்தைப் புலப்படுத்துவது என்றுதான் பொருள் கொண்டார். திசைகாட்டி, நாள்காட்டி வழியில் நாம் ‘உளங்காட்டி’ எனலாம். கருவியின் பெயர்போல் ஒலிக்கிறது என்பவர்கள் ‘உளங்காட்டி மருந்து’ என்று எழுதட்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம்: ஆங்கிலத்தில் இச்சிகிச்சையை ‘psychedelic-assisted therapy’ என்கிறார்களே, அதில் எது எதற்குத் துணை? ‘துணைச் சிகிச்சை’ என்றதும் புற்றுநோய் அறுவைக்குப் பின் தரும் கூடுதல் மருந்துதான் நினைவுக்கு வரும். இங்கே துணையாவது மருந்து. சிகிச்சை பேச்சில் நடக்கிறது. முதலில் ஆயத்த அமர்வுகள். மருந்து தரும் நாளில் நோயாளி கண்ணை மறைத்துக்கொண்டு படுத்தபடி இசை கேட்கிறார். சைலோசைபின் என்றால் ஏறக்குறைய ஆறு மணி நேரம், சிகிச்சையாளர் பக்கத்தை விட்டு அகல்வதில்லை. 2022இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சைலோசைபின் 25 மில்லிகிராம் ஒரே முறை பெற்றவர்களுக்கு, 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிட மூன்றாம் வாரத்தில் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. அங்கும் உளவியல் ஆதரவு உடனிருந்தது. நாட்பட்ட வலிக்கான ஆய்வுகள் இன்னும் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. ஆகவே மருந்தை முன்னிறுத்தாமல் ‘உளங்காட்டி வழி உளச்சிகிச்சை’ என்பதே என் பரிந்துரை.

மருந்து நாளுக்குப் பிந்தைய அமர்வுகளில், கண்டதையும் உணர்ந்ததையும் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். இதற்கு ‘அசைபோடல்’ அழகான சொல்தான், ஆனால் தயவுசெய்து வேண்டாம். ஒரே கசப்பைத் திரும்பத் திரும்ப அசைபோடுவதுதான் மனச்சோர்வில் வதைப்பதே. ‘ஒருங்கிணைப்பு’ என்றால் நிர்வாக வாடை வீசுகிறது. ‘உள்வாங்கல்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதைவிட நல்லது இருந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.