வரலாற்றுப் படிப்பில் ஒரு வருடம் வெளிநாட்டில்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மகளுக்காகக் கேட்கும் அம்மா

வணக்கம். மகளுக்கு இங்கிலாந்தில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருடத்தில் முடிக்கலாம். இல்லையென்றால் மூன்றாம் வருடத்தை வேறொரு நாட்டில் படித்துவிட்டு வந்து நான்கில் முடிக்கலாம். "வரலாறு புத்தகத்தில்தானே இருக்கிறது, அதற்கு எதற்கு ஒரு வருடம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். போன பிள்ளைகள் அங்கே என்ன பார்த்தீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

லண்டன் தம்பி

அக்கா, நான் 2022 செப்டம்பரில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அப்பா அம்மா யாழ்ப்பாணம், நான் வளர்ந்தது லண்டன். லெய்டனைக் கேட்டு வாங்கியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக. 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள். கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரிசையாக அடுக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். லெய்டனிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான்.

பெரும்பகுதியை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அப்புறம் எதற்குப் போவது? படம் கிடைத்தாலும் படிக்க வர வேண்டுமே. 17ஆம் நூற்றாண்டு எழுத்தர்களின் கையெழுத்தில் 'ஈ' (e) பின்பக்கம் திரும்பி நிற்கும். 'எம்', 'என்', 'யூ' மூன்றும் ஒரே கோட்டுச் சங்கிலியாக ஓடும். டச்சு அடிப்படை வகுப்போடு, பழைய கையெழுத்து வாசிக்கும் வகுப்பிலும் சேர்ந்தேன். முதல் வாரங்களில் நாலைந்து பேர் ஒரு பக்கத்தின் மேல் குனிந்து உட்கார்ந்தால் மூன்று வரி தேறும்.

ஒரு நாள் ஆசிரியர் நாகப்பட்டினக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார். துணி வகைகள், கட்டுகள், விலை. அதற்குக் கீழே அதே கையெழுத்தில், அதே மாதிரிப் பத்தியில், அடிமைகள். ஆண், பெண், பிள்ளை, தலைக்கு இவ்வளவு. பெயர் எதுவும் இல்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் பிஜாப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. அப்போது ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பெனி விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. வீட்டில் எனக்கு யாரும் சொல்லாத கதை இது.

பக்கத்தில் இருந்த டச்சு மாணவிக்கும் அப்படித்தான். அவள் ஊர் ஹோர்ன், கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த துறைமுகம். பள்ளியில் அந்த நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று படித்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கூட்டிப்போய் நடுச்சதுக்கத்தில் நிற்கும் யான் கூன் என்பவரின் சிலையைக் காட்டினாள். 1621இல் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் மக்களைக் கொன்று குவித்த கவர்னர் ஜெனரல். சின்ன வயதில் அந்தப் பீடத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறாளாம். அன்றைக்கு அவள் உட்காரவில்லை.

டிசம்பர் 19 அன்று பிரதமர் மார்க் ருட்டே அடிமை முறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவர் பேசியது அந்த ஆவணக் காப்பகத்தில்தான்! ஆசியாவில் கம்பெனியின் பகுதிகளில் மட்டும் 6 லட்சத்து 60 ஆயிரம் முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விற்கப்பட்டதாக அந்த உரையிலேயே வந்தது. விடுதிச் சமையலறையில் மடிக்கணினியைச் சுற்றி நின்று பார்த்தோம். தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் வழிவந்த நண்பன் ஒருவன் எங்களோடு இருந்தான், அவனுக்குக் கடும் கோபம். சுரினாமில் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது 1863 ஜூலை 1. "அந்த நாளில் கேளுங்கள் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்களே, யாரைக் கேட்டு இந்த நாளை வைத்தார்கள்?" என்றான். ஹோர்ன் தோழி, இன்றைக்காவது கேட்டார்களே என்றாள். சோறு ஆறிப்போகும் வரை வாக்குவாதம். அந்த இரவுக்குப் பிறகு எந்த ஆவணத்தை எடுத்தாலும், இது யாருடைய வீட்டில் இன்னும் வலிக்கிறது என்ற கேள்வி எனக்கு முதலில் வருகிறது.

லெய்டன் என்றதும் நம்மவர்கள் ஆனைமங்கலம் செப்பேடுகளைத்தான் விசாரிப்பார்கள். முதலாம் இராஜராஜன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஊர் கொடுத்த சாசனம், 21 ஏடுகள். நான் இருந்தபோது பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருந்தன. அதே ஆர்வத்தோடு ஹேக்கில் இருக்கும் அந்தப் பெயரில்லாத கணக்கையும் நாம் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

பெர்லினில் படித்தவள்

நான் கனடாவிலிருந்து ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எதிரே உள்ள சதுக்கத்தில் தரையில் ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அலமாரிகள், எல்லாம் காலி. 1933 மே 10 இரவு நூல்களைக் குவித்து எரித்த இடம். முன்னின்று செய்தது மாணவர் சங்கம் என்பது தினமும் அதைக் கடந்து வகுப்புக்குப் போன எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு அதிகம் கற்றுத் தந்தவர் வீட்டுக்காரப் பாட்டி. யூதர்களின் கடைகளையும் தொழுகைக்கூடங்களையும் 1938இல் நாஜிகள் உடைத்து எரித்த நவம்பர் 9ஆம் தேதி, அவர் ஸ்பாஞ்சும் பித்தளைப் பாலிஷும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். வாசல் நடைபாதையில் 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள். அங்கே குடியிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயர், பிறந்த வருடம், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம். ஐரோப்பா முழுவதும் இப்படி ஒரு லட்சத்துக்கு மேல் பதித்திருக்கிறார்கள். பாட்டிக்கு அவர்கள் சொந்தமில்லை, பார்த்ததும் இல்லை. முட்டிவலியால் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தேய்த்தார், நான் தண்ணீர் ஊற்றினேன். பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். உச்சரிப்பு தப்பினால் நிறுத்தித் திருத்தினார், சரியாக வரும் வரை.

மகளுக்காகக் கேட்கும் அம்மா

படித்துக்கொண்டே அழுதுவிட்டேன் பிள்ளைகளே. செலவு எப்படி?

லண்டன் தம்பி

முழு வருடமும் வெளிநாட்டில் படித்தால், அந்த வருடத்துக்கு உள்நாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் வாங்க முடியாது, அக்கா. தங்குமிடம்தான் பெரிய தலைவலி. லெய்டனில் மாணவர் அறைக்கு அடிபிடி. இடம் உறுதியான அன்றைக்கே அறைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மொழி வகுப்பை இரண்டாம் வருடத்திலேயே தொடங்கிவிட்டால், போய் இறங்கியதும் ஆவணங்களைத் தொடலாம்.