1.8 எஞ்சின் மாற்றிய மியாட்டா: ஃபேன் ஓடினாலே ஐடில் ஆடுகிறது, மெகாஸ்குவர்ட் ட்யூனிங்கை எங்கிருந்து தொடங்குவது?

ரோட்ஸ்டர்90:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1990 மாஸ்டா மியாட்டா கார், 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்தது. அதை இறக்கிவிட்டு 1.8 பிபி எஞ்சினை ஏற்றியாயிற்று. பழைய ஈசியூவும் (எஞ்சின் கம்ப்யூட்டர்) அந்தக் கதவு வைத்த ஏர்ஃப்ளோ மீட்டரும் இதற்குச் சரிவராது என்பதால் இரண்டையும் கழற்றிவிட்டு நாமே ட்யூன் செய்துகொள்ளும் மெகாஸ்குவர்ட் ஈசியூ போட்டிருக்கிறேன். மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார், காற்று வெப்ப சென்சார், புகையை வைத்து ஏர்-ஃபியூல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் சென்சார் எல்லாம் உண்டு. பின்னால் டர்போ போடும் எண்ணம் இருப்பதால் இன்ஜெக்டர் 550 சிசி.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடவும் செய்கிறது. சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஓட்டம்) ஏர்-ஃபியூல் விகிதம் 14.5 பக்கம் அசையாமல் நிற்கிறது. ஆனால் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் 16ஐத் தாண்டி லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), ஆர்பிஎம் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, சில சமயம் நின்றே போகிறது. விஇ டேபிளில் (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்ற டேபிள்) ஐடில் பக்கத்து செல்களைக் கூட்டினால் ஃபேன் ஓடும்போது சரியாகிவிடுகிறது, ஃபேன் நின்றதும் ஒரே பெட்ரோல் வாடை. குறைத்தால் பழைய கதை. டேபிளை 3டியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

கேள்வி இரண்டு. இது ஏன் நடக்கிறது? முதலில் எதைத் தொடுவது, அப்புறம் எதைத் தொடுவது, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) எப்போது? யாரிடமாவது கொடுத்து ட்யூன் செய்துகொள் என்று மட்டும் சொல்லாதீர்கள், கற்றுக்கொள்ளத்தான் இதில் இறங்கினேன்.

கரிப்பிளக்:

விஇ டேபிளைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். லேப்டாப்பில் பதிவான லாக்கைத் திறந்து, ஃபேன் ஓடும் இடத்தில் ஏர்-ஃபியூல் கோட்டுக்கு மேலேயே பேட்டரி வோல்டேஜ் கோட்டையும் போட்டுப் பாருங்கள். 13.9, 14ல் இருந்தது 13க்கு இறங்கியிருக்கும்.

இன்ஜெக்டருக்கு கரண்ட் கொடுத்த உடனே பெட்ரோல் வராது. உள்ளே இருக்கும் ஊசி எழும்பித் திறக்க ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகும், இதைத்தான் டெட் டைம் என்கிறார்கள். வோல்டேஜ் குறையக் குறைய இது கூடும். பல இன்ஜெக்டர்களில் ஒரு வோல்ட் இறங்கினால் 0.1 முதல் 0.2 மில்லிநொடி வரை கூடுகிறது. ஈசியூ அந்த நேரத்தைத் தனியாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டீஃபால்ட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளும்.

இப்போது உங்கள் 550 சிசி கணக்குக்கு வருவோம். இந்த எஞ்சினுக்கு ஐடிலில் பெட்ரோல் பாயத் தேவையான நேரம் சுமார் 1 மில்லிநொடிதான். அதில் 0.1 போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று, 14.5ஐ 0.9ஆல் வகுத்துப் பாருங்கள், 16.1 வரும். நீங்கள் எழுதிய எண் அதேதான். முழு ஆக்ஸிலரேட்டரில் அதே எஞ்சினுக்கு 5 மில்லிநொடி போல் தேவைப்படும், அங்கே அதே 0.1 வெறும் 2 சதவீதம், யார் கண்ணுக்கும் தெரியாது. பெரிய இன்ஜெக்டர் போட்டவர்கள் எல்லாரும் ஐடிலில் அவதிப்படுவதும், மேலே போனால் ஜம்மென்று இழுக்கிறது என்று சொல்வதும் இதனால்தான்.

சரிசெய்யும் முறை: எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். வைட்பேண்டைப் பார்த்துத் தானே திருத்தும் குளோஸ்டு லூப் கரெக்ஷனை ஆஃப் செய்யுங்கள், அது ஆனில் இருந்தால் தப்பை மூடி மறைத்துவிடும். ஐடிலில் விட்டு ஹெட்லைட், பிளோயர், ஃபேன் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்து வோல்டேஜை இறக்குங்கள். இறங்கும்போது லீன் ஆனால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை மில்லிநொடி என்ற எண்ணைக் கூட்டுங்கள், ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆனால் குறையுங்கள். எதை ஆன் செய்தாலும் ஏர்-ஃபியூல் நகராத இடம் ஒன்று வரும். இன்ஜெக்டர் தயாரிப்பாளரின் அட்டவணை கிடைத்தால் இன்னும் நல்லது, அதைப் போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதோடு முடியவில்லை. மேனிஃபோல்ட் பிரஷரை வைத்து ஓடும் ஈசியூ காற்றை நேராக அளப்பதில்லை. அழுத்தம், வெப்பம், எஞ்சின் கொள்ளளவு, விஇ எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் இவ்வளவு காற்று வந்திருக்கும் என்று முடிவு செய்கிறது. இதில் எந்த எண் பொய்யாக இருந்தாலும் விஇ டேபிளை இழுத்துப் பிடித்து அந்த ஒரு நிலைமைக்கு மட்டும் சரிக்கட்டிவிட முடியும், நிலைமை மாறியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். டேபிள் மேடு பள்ளமாக ஆகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு டேபிளுக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பேஸ் மேப் (தொடங்க எடுத்துக்கொண்ட டேபிள் தொகுப்பு) 1.6க்கு எழுதியதா என்று பாருங்கள். கொள்ளளவு 1597 என்றே இருந்தால் 1839 ஆக்குங்கள், அது ஒன்றே 15 சதவீத வித்தியாசம். இன்ஜெக்டர் அளவு 550 என்பது எந்த அழுத்தத்தில் என்றும் பாருங்கள், வழக்கமாக 3 பார். 4 பாரில் அதே இன்ஜெக்டர் 15 சதவீதம் கூடுதலாகப் பாய்ச்சும், ஏனென்றால் பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிரஷர் ரெகுலேட்டரின் வேக்கம் குழாய் மாட்டியிருக்கிறதா என்பதையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.

லாம்ப்டா_ஒன்று:

கரிப்பிளக் அண்ணா சொன்னதற்கு மறுப்பில்லை, ஆனால் அந்தச் சோதனைக்கு முன்னால் வைட்பேண்ட் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டாமா? டாஷில் இருக்கும் மீட்டர் 14.5 காட்டும்போது லேப்டாப் என்ன காட்டுகிறது? இரண்டுக்கும் 0.3, 0.5 வித்தியாசம் இருந்தால் அது எர்த் பிரச்சினை. வைட்பேண்ட் கன்ட்ரோலரின் சிக்னல் எர்த்தை பாடியில் எங்கேயோ முறுக்கிவிடாமல் ஈசியூவின் சென்சார் எர்த் எங்கே போகிறதோ அங்கேயே கொடுங்கள். ஃபேன் ஓடும்போது இந்த வித்தியாசமும் கூடினால் நீங்கள் பார்க்கும் 16இல் ஒரு பகுதி பொய்யாகக்கூட இருக்கலாம்.

அப்புறம், இந்த சென்சார் அளப்பது பெட்ரோலை அல்ல, முக்கியமாக மிஞ்சிய ஆக்ஸிஜனை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சின்ன லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு லீன் என்று காட்டும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே வரும், அப்போதும் லீன் என்றுதான் காட்டும், நீங்கள் பெட்ரோலைக் கூட்டுவீர்கள், மிஸ் இன்னும் அதிகமாகும். எஞ்சின் குலுங்கும்போது எடுத்த லாக்கை வைத்து டேபிளைத் திருத்தவே கூடாது.

ஆட்டோட்யூன் (லாக்கைப் பார்த்து மென்பொருளே டேபிளைத் திருத்துவது) பற்றி: கெட்டதில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாது. கூலன்ட் 80 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் நகராத நேரமாக இருக்க வேண்டும், காலை எடுத்ததும் பெட்ரோல் கட் ஆகும் நேரத்தை வடிகட்ட வேண்டும். கையால் செய்வதும் கஷ்டமில்லை. விஇ 60 இருக்கும் செல்லில் இலக்கு லாம்ப்டா (ஏர்-ஃபியூலை, முழுதாக எரியத் தேவையான விகிதத்தால் வகுத்தது) 1.00, அளந்தது 1.05 என்றால் 60 × 1.05, அதாவது 63. அவ்வளவுதான். லாம்ப்டாவில் யோசித்துப் பழகுங்கள், பெட்ரோலில் எத்தனால் கலந்தால் 14.7 என்ற எண் மாறிவிடும், லாம்ப்டா 1 மாறாது. சீராக ஓட்டும்போது 1 பக்கம், டர்போ இல்லாத எஞ்சினுக்கு முழு ஆக்ஸிலரேட்டரில் 0.85 முதல் 0.88 வரை வைத்துத் தொடங்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வரும் திணறலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள், அடித்தளம் சரியானால் அதில் பாதி தானே போய்விடும்.

பழையபுல்லி:

எல்லாரும் பெட்ரோலைப் பற்றியே பேசுகிறீர்கள். டைமிங் எப்போது என்று தம்பி கேட்டிருக்கிறார். டைமிங்கைக் கூட்டிக் குறைப்பது கடைசியில், ஆனால் சரிபார்ப்பது எல்லாவற்றுக்கும் முதலில். லேப்டாப்பில் 10 டிகிரி என்று எழுதியிருப்பதால் எஞ்சினில் 10 டிகிரியில் தீப்பொறி விழுகிறது என்று அர்த்தமில்லை.

மென்பொருளில் டைமிங்கை 10இல் நிலையாகப் பூட்டுங்கள். ஒன்றாம் சிலிண்டர் ஒயரில் டைமிங் லைட்டை மாட்டி புல்லிக் குறியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்து அடிக்கிறது, 1ம் 4ம் ஒரு ஜோடி, 2ம் 3ம் ஒரு ஜோடி. டயல் வைத்த லைட்டுகள் பல இதில் குழம்பி இரட்டிப்பாகக் காட்டும், ஆகவே டயலைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டு குறியை மட்டும் பாருங்கள். 10இல் இல்லையா, ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் போல்ட்டைத் தளர்த்தி மெதுவாகத் திருப்புங்கள், அல்லது மென்பொருளில் ட்ரிக்கர் கோணத்தை (அந்த சென்சார் சிக்னல் வரும் கோணம்) மாற்றுங்கள். பிறகு 3000க்கு மேல் ஏற்றிப் பாருங்கள், குறி அங்கேயே நிற்க வேண்டும். நகர்ந்தால் ட்ரிக்கர் அமைப்பில் ஏதோ தவறு, அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள். பூட்டியதைத் திறக்க மறக்க வேண்டாம்.

கூட்டும் வேலைக்கு வரும்போது, பேஸ் மேப்பில் முழு ஆக்ஸிலரேட்டர் பகுதியில் இருப்பதை விட 3, 4 டிகிரி குறைத்துத் தொடங்குங்கள். அதிகமாகவும் குறைக்காதீர்கள், தாமதமாக எரிந்தால் சைலன்சர் பக்கம் சூடு ஏறும். டார்க் (சுழற்றும் விசை) உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்மில்தான் நாக்கிங் (கலவை தானே வெடித்தெரிவது) வர வாய்ப்பு அதிகம். இரண்டு டிகிரி கூட்டியும் டார்க் ஏறவில்லை என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஆனால் அது ரோட்டில் தெரியாது, லோடைப் பிடித்து நிறுத்தி டார்க்கை அளக்கும் டைனோவில்தான் தெரியும். கற்றுக்கொள்ள வேண்டும் என்றாலும் இந்த ஒரு வேலைக்கு டைனோவை வாடகைக்கு எடுங்கள், சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. இடையில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளியோ பளபளக்கும் துகளோ இருந்தால் உடனே டைமிங்கைக் குறையுங்கள். ரோட்டில் லாக் எடுக்கும்போது லேப்டாப் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும், ஓட்டுபவர் திரும்பியே பார்க்கக் கூடாது.

சும்மா_ஓட்டுபவன்:

ஒரு மாற்றுக் கருத்து. 1994க்குப் பிறகு வந்த 1.8இன் சொந்த ஈசியூவையும் ஒயரிங்கையும் அதன் ஹாட்வயர் ஏர்ஃப்ளோ மீட்டரோடு சேர்த்து எடுத்திருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. குளிரில் ஒரே கிராங்கில் பிடிக்கும், ஃபேன் ஓடினால் அசையாது. இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்களைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார். 550 இன்ஜெக்டரும் டர்போவும் நிச்சயம் வேண்டும் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும், ஆனால் டர்போ "பின்னால்" என்பது எத்தனை பேருக்கு வந்து சேர்ந்திருக்கிறது?

ரோட்ஸ்டர்90:

டர்போ வரும் சார், வராவிட்டாலும் மெகாஸ்குவர்ட் போகாது :)

வோல்டேஜ் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், கரிப்பிளக் சொன்னபடியே 13.9ல் இருந்து 12.9. வைட்பேண்ட் எர்த்தை மாற்றியதும் மீட்டரும் லேப்டாப்பும் ஒத்துப்போயின. வோல்ட் திருத்தத்தைக் கூட்டிய பிறகு ஃபேன், ஹெட்லைட், பிளோயர் மூன்றும் ஓடினாலும் 14.4க்கும் 14.8க்கும் நடுவில் நிற்கிறது. கொள்ளளவு 1839 என்றுதான் இருந்தது. 10 டிகிரி பூட்டிப் பார்த்ததில் லைட்டில் 6 வந்தது, சென்சாரைத் திருப்பிச் சரிசெய்தேன், 3500லும் குறி நகரவில்லை. ஐடில் செல்களைப் பேஸ் மேப்பில் இருந்தபடி திரும்பப் போட்டால் நான் கூட்டியது எதுவும் தேவையில்லை போலிருக்கிறது.

இப்போது காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறது, இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடுகிறது. இரண்டாம் தடவை நிற்பதில்லை. எந்த டேபிள்?

கரிப்பிளக்:

பிடித்த பிறகு நின்றுவிடுகிறது என்றால் கிராங்கிங் பல்ஸ் (ஸ்டார்ட்டர் சுழலும்போது கொடுக்கும் பெட்ரோல்) ஏறத்தாழ சரி, ஸ்டார்ட் ஆன உடனே சில விநாடிகளுக்குக் கொடுக்கும் கூடுதல் பெட்ரோலில்தான் கோளாறு, ஆஃப்டர்ஸ்டார்ட் என்று இருக்கும். வார்ம்அப் டேபிளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குறைவா அதிகமா என்பதற்கு வைட்பேண்டை நம்பாதீர்கள், அந்த சில விநாடிகளில் சென்சாரே சூடாகியிருக்காது. ஆஃப்டர்ஸ்டார்ட்டைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், கூடுதல் நேரம் ஓடினால் போகிற திசை சரி, முன்பை விட சீக்கிரம் நின்றால் எதிர்ப்பக்கம் போங்கள். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் அடுத்த முயற்சி, ஒரு தடவைக்கு ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள், எந்தக் கூலன்ட் வெப்பத்தில் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பருவம் மாறும்போது மறுபடி முதலில் இருந்து வருவீர்கள். நடுவில் பிளக் நனைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு கிராங்க் செய்யுங்கள், ஃப்ளட் கிளியர் ஆனில் இருந்தால் பெட்ரோல் கட் ஆகும், ஆனில் இருக்கிறதா என்று அதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.