நம்ம கீப்பர் தம்பி முட்டிக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் சொந்தங்களே, மன்னார்குடிலேர்ந்து எழுதுறேன். எங்க ஹாக்கி டீம் கீப்பர் தம்பிக்கு போன மாசம் பெனால்டி கார்னர் தடுக்கப் போயி வலது முட்டி திரும்பிடுச்சு, ஸ்கேன் பாத்தா முட்டிக்குள்ள இருக்குற ஏசிஎல்ங்கிற ஜவ்வு கிழிஞ்சிருக்காம். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிது, ஆனா அதுக்கப்புறம் பிசியோதெரபிதான் முக்கியங்கிறாங்க, தஞ்சாவூர் போயி வர ஒரு நாளு போயிடுது, அப்பா சம்பா நடவுல நிக்கிறாரு, கூட்டிட்டுப் போக ஆளில்ல.

அவன் கோல்ல நின்னா எங்களுக்கு பயமே கிடையாது, இப்ப தாங்கிதாங்கி நடக்குறத பாக்க முடியல. இந்திய ஹாக்கி டீம் கீப்பரா இருந்த ஸ்ரீஜேஷுக்கும் 2017ல அஸ்லான் ஷா கோப்பைல முட்டி போயி பல மாசம் வெளியதான இருந்தாரு, அப்புறம் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் வெண்கலம் வாங்கலியா, அதத்தான் தெனம் இவன்கிட்ட சொல்றோம்.

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் விளையாட்டுக் காயம் பாக்குற நல்ல பிசியோ யாராச்சும் தெரியுமா? வீட்டுக்கு வந்து பாத்தா இன்னும் நல்லது. ஏசிஎல் ஆபரேஷன் பண்ணிட்டு திரும்ப வெளையாடுனவங்க இருந்தா அவன்கிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க, ஒம்போது மாசத்துக்கு முன்னாடி எறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னத அவன் கேக்க மாட்டேங்கிறான். கமெண்ட்ல சொல்லுங்க, நானே கூப்புடுறேன்.